பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் விற்பது எப்படி: கயிறு கட்டுவதிலிருந்து வேலி போடுவது வரை

"அந்த ஓரத்துல இருக்கிற இடம் சும்மாதானே கிடக்குது தம்பி, எனக்குக் குடுத்துடேன்." பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் கேட்டது இவ்வளவுதான். ஒன்றரை மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம், மொத்தம் 30 சதுர மீட்டர். களை மண்டிக் கிடந்த இடம். அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். முடிய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் எது எதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முழு வீட்டை விற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். தோட்டத்தில் ஒரு துண்டை விற்றால் அப்படிப் போக முடியாது, தினமும் காலையில் கதவைத் திறந்தால் விற்ற இடமும் வாங்கியவரும் கண்ணெதிரே இருப்பார்கள். அதோடு ஒரே சொத்தாக இருந்தது இரண்டாகப் பிரிகிறது, இதுவரை இல்லாத ஒரு எல்லைக்கோடு புதிதாக வருகிறது. பின்னால் வரும் தகராறெல்லாம் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் வரும். அதனால் விலை பேசுவதற்கு முன்னாலேயே கோட்டை முடிவு செய்யுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். படிவத்தின் பெயர், கட்டணம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் உங்கள் ஊர் வக்கீல் சொல்ல வேண்டியவை. செய்ய வேண்டிய வேலைகளும் அவற்றின் வரிசையும் பெரும்பாலும் எங்கேயும் ஒன்றுதான்.

முதலில் கயிறு கட்டுங்கள்

நான்கு முளைக்குச்சி, ஒரு நைலான் கயிறு. விற்கப்போகும் துண்டின் நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். துணி காயப்போடும்போது, குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது, ஏணி வைத்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க இடம் இருக்குமா என்று யோசிக்கும்போது கயிறு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். காகிதத்தில் ஒன்றரை மீட்டர் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் மீதி எவ்வளவு நெருக்கமாகிறது என்று தெரியும்.

எங்கள் வீட்டில் கயிறு கட்டிய மூன்றாம் நாள், அந்த ஓரத்துச் சருகைக் கூட்டி அள்ளும்போது துடைப்பம் ஏதோ இரும்பில் தட்டியது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கழிவுநீர்க் குழாயின் ஆள்துளை மூடி. பத்து வருடமாக அதை யாரும் திறக்கவில்லை. அது கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி இருந்தது, அதாவது நான் விற்கப்போகும் இடத்துக்குள். அப்படியே விற்றிருந்தால் என் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால் இன்னொருவர் நிலத்தைத் தோண்ட அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். கோட்டை நகர்த்தினோம், அவ்வளவுதான், செலவே இல்லை. இதே மூடி பத்திரம் பதிந்த பிறகு கண்ணில் பட்டிருந்தால் திருத்தப் பத்திரம், மறுபடி அளவை, மறுபடி கட்டணம் என்று போயிருக்கும்.

எனவே கயிறு கட்டிய வாரத்திலேயே தரைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, மின்சாரக் கேபிள், எரிவாயு, இணையக் கேபிள், மழைநீர் ஓடும் வழி எல்லாவற்றையும். மரம் இருந்தால் அது எந்தப் பக்கம் போகிறது, பாதுகாக்கப்பட்ட மரமா என்றும் பாருங்கள். வேர் கிளைகளின் விரிவையும் தாண்டிப் போகும், அவர் அந்தப் பக்கம் அஸ்திவாரம் தோண்டினால் உங்கள் மரம் தாங்குமா என்பது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

உங்களால் விற்க முடியுமா?

இது உங்கள் நிலம்தான், ஆனாலும் தனியாக முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் எத்தனை பேர் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இறந்துபோன அப்பா பெயரிலேயே இன்னும் சொத்து இருந்தால் வாரிசுகள் விஷயத்தை முதலில் முடியுங்கள், அதை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம்.

அப்புறம் வீட்டுக்கடன். கடன் கொடுத்த வங்கிக்கு வீடு மட்டும் அடமானம் இல்லை, தோட்டமும் சேர்த்துத்தான். அதில் ஒரு பிடி மண்ணைப் பிரித்துக் கொடுப்பதானாலும் அந்தத் துண்டை அடமானத்திலிருந்து விடுவிப்பதாக வங்கி எழுத்தில் தர வேண்டும். மீதிச் சொத்தின் மதிப்பு கடனுக்குப் போதுமா என்று பார்க்க அவர்கள் மதிப்பீட்டாளரை அனுப்பலாம், வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கடனில் கட்டச் சொல்லவும் செய்யலாம். என்னுடைய எட்டு மாதத்தில் மூன்று மாதம் இந்த ஒரு கடிதத்துக்காகவே போனது. ஆகவே அண்ணன் கேட்ட மறுநாளே வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும். நான் விலை எல்லாம் பேசி முடித்த பிறகு எழுதினேன்.

மூன்றாவது, கட்டட விதிகள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு அனுமதி கொடுத்தபோது மொத்த மனையின் பரப்பை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். மனை 400 சதுர மீட்டர், வீடு நிற்கும் இடம் 160 என்றால் 40 சதவீதம். அதில் 50 சதுர மீட்டரை விற்றுவிட்டால் மனை 350 ஆகிறது, வீடு அதே 160, இப்போது கிட்டத்தட்ட 46 சதவீதம். உங்கள் ஊரில் உச்ச வரம்பு 45 என்றால் ஒரு செங்கல்கூட வைக்காமலேயே உங்கள் வீடு விதியை மீறிவிடுகிறது. சுவருக்கும் எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியும் இப்படித்தான். எல்லை உங்கள் சுவரை நோக்கி நகர்ந்து வருகிறது, ஜன்னலுக்கு நேரே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அளந்து பாருங்கள். மனையைப் பிரிக்கவே தனி அனுமதி வேண்டிய ஊர்கள் உண்டு. குறைந்தபட்ச மனை அளவுக்குக் கீழே உள்ள துண்டு தனிச் சொத்தாக நிற்க முடியாது, பக்கத்து மனையோடு சேர்த்தே தீர வேண்டும் என்ற விதியும் சில இடங்களில் இருக்கிறது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் போதும்.

உங்கள் பழைய பத்திரத்தையும் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். முன்பு விற்றவர் ஏதாவது நிபந்தனை எழுதி வைத்திருப்பார், வேறு யாருக்காவது நடைபாதை உரிமை அந்த ஓரத்தில் ஓடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அந்த இடத்தைப் பல வருடமாக ஏற்கெனவே தன் இடம் போல வேலி போட்டு அனுபவித்து வருகிறார் என்றால், சட்டம் அவர் பக்கம் சாய வாய்ப்பிருக்கிறது. இந்தியாவில் உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டு தொடர்ந்து, வெளிப்படையாக அனுபவித்தால் எதிரிடை அனுபவம், அதாவது இத்தனை காலம் அனுபவித்ததால் நிலம் தனக்கே சொந்தம் என்று வாதாட இடம் கிடைக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் விலை பேசுவதற்கு முன்பு வக்கீலைப் பாருங்கள், நீங்களாக ஒரு கடிதமும் எழுதிவிடாதீர்கள்.

அளவு

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து எல்லை பார்க்காதீர்கள். திறந்த வெளியிலேயே அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், நீங்கள் விற்பதே ஒன்றரை மீட்டர். பதிவேட்டில் இருக்கும் வரைபடத்தையும் முழுசாக நம்ப முடியாது. 1:1000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனான கோடு தரையில் 50 சென்டிமீட்டரை விழுங்கிவிடும். இங்கிலாந்தின் நிலப் பதிவேட்டில் உள்ள சிவப்புக் கோடு பொதுவான எல்லையை மட்டும்தான் காட்டுகிறது, துல்லியமான எல்லை அதில் இல்லை. இப்படிப்பட்ட படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து ஒன்றரை மீட்டர் பிரிக்க நினைப்பது வீண்.

அளவையாளரைக் கூப்பிடுங்கள். உரிமம் உள்ளவராக இருக்கட்டும், அளக்கும்போது இரண்டு குடும்பமும் நிற்கட்டும். முதலில் பழைய எல்லையை அவர் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் புதிய கோடு. எங்கள் இடத்தில் பத்திரத்தில் போட்டிருந்த நீளத்துக்கும் தரையில் இருந்த நீளத்துக்கும் நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. அன்றைக்கு அண்ணனும் நானும் பக்கத்தில் நின்று பார்த்ததால் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. நான் மட்டும் நின்று அளந்து போய்ச் சொல்லியிருந்தால் அது வேறு மாதிரி போயிருக்கும்.

கோணத்தில் கவனம் வையுங்கள். 30 மீட்டர் நீளக் கோடு ஒரே ஒரு டிகிரி திரும்பினால் கடைசி முனையில் 52 சென்டிமீட்டர் விலகிவிடும். நீங்களே முளை அடிக்கும்போது மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 கணக்குப் போதும்: ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே சரியாக 5 மீட்டர் வந்தால் செங்கோணம். துண்டு செவ்வகம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளம் வர வேண்டும்.

அளவையாளர் தரும் வரைபடத்தில் நான்கு பக்க நீளம், இரண்டு மூலைவிட்டம், பரப்பு, வடக்கு எது என்ற குறி எல்லாம் இருக்கட்டும். இதோடு அசையாத ஏதாவது ஒன்றிலிருந்து, அதாவது வீட்டின் மூலை போன்ற ஒன்றிலிருந்து, ஒவ்வொரு எல்லைக்கல்லும் எவ்வளவு தூரம் என்றும் எழுதச் சொல்லுங்கள். வேலி அழுகும், மரம் சாயும், வீட்டு மூலை அங்கேயே இருக்கும்.

விலையை எப்படிப் பேசுவது

சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஊர் விலையைப் பெருக்கிப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் துண்டு நிலத்துக்கு அது பொருந்தாது. கட்டடம் கட்டக்கூடிய மனைக்கு உள்ள விலை, கட்ட முடியாத ஒரு தோட்ட ஓரத்துக்குக் கிடையாது. இன்னொரு பக்கம், அந்த ஓரம் அவருக்குக் கார் நிறுத்த வழி விடுகிறது, அல்லது அவர் மனை விதிப்படி கூடுதலாக ஒரு அறை கட்டும் அளவுக்கு வளர்கிறது என்றால், அவருக்கு அதன் மதிப்பு பல மடங்கு.

அதனால் இரண்டு கணக்குப் போடுங்கள். ஒன்று, அந்தத் துண்டோடு உங்கள் வீடு எவ்வளவு பெறும், அது இல்லாமல் எவ்வளவு பெறும். அந்த வித்தியாசம்தான் உங்கள் இழப்பு. மற்றது, அவர் வீடு இப்போது எவ்வளவு, சேர்த்த பிறகு எவ்வளவு. அது அவருடைய லாபம். உங்கள் இழப்பு 10, அவர் லாபம் 30 என்றால் நியாயமான விலை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 10க்குக் கீழே போனால் உங்களுக்கு நஷ்டம், 30க்கு மேலே கேட்டால் அவர் வாங்க மாட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்து இந்த நான்கு எண்ணையும் எழுதி வாங்கிவிட்டால் பேரம் பேசும் சங்கடமே பாதி குறைந்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அண்ணன் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நடுவுல வெச்சுக்கலாம் தம்பி" என்றார், ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

விலைக்கு முன்பே செலவையும் கேட்டு வையுங்கள். அளவை, வக்கீல், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வங்கிக் கட்டணம் எல்லாம் துண்டு சிறியது என்பதற்காக அதே அளவுக்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் நிலத்தின் விலையைத் தொட்டுவிடலாம். தேவைப்பட்டுக் கேட்டு வருபவர் வாங்குபவர்தான், அதனால் உங்கள் பக்கச் செலவையும் அவரே ஏற்பது நியாயம் என்பது என் கருத்து. எதுவானாலும் யார் எதைக் கட்டுவது என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. நிலம் விற்ற லாபத்துக்கு வரி உண்டா, குடியிருக்கும் வீட்டின் தோட்டம் என்றால் விலக்கு உண்டா என்று விற்பதற்கு முன் கேளுங்கள். பிரிட்டனில் குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்த தோட்டத்துக்குப் பொதுவாக அரை ஹெக்டேர் வரை விலக்கு இருக்கிறது, ஆனால் வீட்டை முதலில் விற்றுவிட்டு மீதித் தோட்டத்தைப் பிறகு விற்றால் அந்த விலக்கு போய்விடலாம். எதை முதலில் விற்கிறோம் என்பதே வரியை மாற்றுகிறது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

வக்கீலிடம் போவதற்கு முன் நீங்கள் இருவரும் மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் துண்டு (வரைபடம் இணைத்து), என்ன விலை, யார் எந்தச் செலவு, எந்தத் தேதிக்குள், வங்கியோ உள்ளாட்சியோ அனுமதி தராவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா. "வக்கீல் தயாரிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இது யாரையும் கட்டுப்படுத்தாது" என்று மேலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் இருந்தால் வக்கீலுக்கு வேலை சுலபம், உங்களுக்குச் செலவு மிச்சம். அவருக்கு ஒரு வக்கீல், உங்களுக்கு ஒரு வக்கீல், தனித்தனியாக இருக்கட்டும்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்று வரும்போது, நிலத்தை விட அதைச் சுற்றிய உரிமைகள்தான் அதிக இடம் பிடிக்கும். உங்கள் குழாய் அந்த நிலத்துக்கு அடியில் போனால், அதைப் பராமரிக்க உள்ளே வரும் உரிமையை உங்களுக்கென்று நிறுத்தி வையுங்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், தோண்டியதை யார் சரி செய்வது என்பதோடு. உங்கள் சுவரைப் பூச, கூரையைப் பழுது பார்க்க ஏணி வைக்கும் உரிமையும் அப்படியே. உங்கள் கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் சொட்டுமானால் அதையும் எழுதுங்கள்.

அவர் அங்கே என்ன செய்யலாம், என்ன கூடாது? தோட்டமாக மட்டும் வைத்திருக்கட்டும் என்று நினைத்தால் அதை நிபந்தனையாக எழுத வேண்டும். அவர் இன்றைக்கு ரோஜாச் செடி வைக்கப்போவதாகச் சொல்லலாம், மனப்பூர்வமாகவே சொல்லலாம், ஆனால் பத்து வருடம் கழித்து அந்த வீட்டை வாங்குபவர் உங்கள் ஜன்னலுக்கு நேரே இரண்டு மாடி எழுப்பினால் ரோஜாச் செடிப் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில், சரியாக எழுதினால், "கட்டக்கூடாது" போன்ற தடை நிபந்தனை அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். "வேலியைப் பராமரிக்க வேண்டும்" போன்ற செய்யச் சொல்லும் நிபந்தனை பொதுவாக அடுத்தவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. உங்கள் நாட்டில் எப்படி என்று வக்கீலிடம் இதே இரண்டு உதாரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பின்னால் அங்கே கட்ட அனுமதி வாங்கி நிலத்தின் மதிப்பு ஏறினால் அதில் உங்களுக்கு ஒரு பங்கு என்றும் எழுதலாம், ஆனால் எத்தனை ஆண்டு வரை, எந்தக் கணக்கில் என்பது தெளிவாக இல்லாவிட்டால் அந்த வரியே சண்டையாகும். இவ்வளவு சின்னத் துண்டுக்கு அது வேண்டாம் என்று நான் விட்டுவிட்டேன். பெரிய துண்டாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

விற்க வேண்டுமா என்றே சந்தேகம் இருந்தால், குத்தகைக்குக் கொடுப்பதும், நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்வதும், காரை நிறுத்த மட்டும் அனுமதி தருவதும் வழிகள்தான். அவருக்கு வேண்டியது வழி மட்டும் என்றால் வழி உரிமையை எழுதிக் கொடுத்தால் போதும், மண் உங்களிடமே இருக்கும்.

பதிவு, பணம், வேலி

வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் விற்க முடியும். மற்ற நாடுகளிலும் பதிவு இல்லாமல் வாங்கியவர் நிம்மதியாக இருக்க முடியாது. பதிவு முடிந்ததும் நிலப் பதிவேட்டில் உட்பிரிவு நடந்து, உங்கள் பரப்பு குறைந்து அவர் பரப்பு கூடியிருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். அது நடக்காமல் விட்டால் நீங்கள் விற்ற நிலத்துக்கு நீங்களே சொத்து வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும், முழு விலையும் பத்திரத்தில் இருக்கட்டும். பணமும் பதிவும் முடியும் வரை வேலியை நகர்த்த விடாதீர்கள். நல்ல மனசுக்காரர்தான், "நாளைக்கு ஆள் வர்றாங்க, கம்பத்தை மட்டும் நட்டுக்கட்டுமா" என்று கேட்பார். அண்ணனும் கேட்டார். வங்கிக் கடிதம் இன்னும் வரவில்லை, அது வராவிட்டால் நட்டதைப் பிடுங்க வேண்டிவரும், அந்தச் செலவும் வருத்தமும் உங்களுக்கு எதற்கு என்று சொன்னேன், புரிந்துகொண்டார். காரணத்தைச் சொல்லி மறுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லைக்கல் நடும் அன்று இரண்டு வீட்டாரும் நில்லுங்கள். கல் நட்ட குழியில் மண் தள்ளுவதற்கு முன்பு, வீட்டு மூலையிலிருந்து கல் வரை டேப்பை இழுத்துப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். நான்கு கல்லுக்கும் நான்கு படம். வேலி கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, அது யாருடையது என்பதையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். எங்கள் வேலி முழுக்க அண்ணன் பக்கம், கோட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே. ஆள்துளை மூடி என் பக்கம். போன மழைக்காலத்தில் குழாய் அடைத்தபோது அண்ணனே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, மூடியைத் தூக்க ஒரு கடப்பாரையைக் கொடுத்தார்.